புதுத் தறிக் கொப்பிக்கு ஒரு திருத்தம்

அஸ்ஸலாமு அலைக்கும், மகன்.

நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். புதுத் தறியில் நெய்யத் தொடங்கியிருந்தால் உடனே காலை எடு. தொடங்கவில்லையென்றால் தொடங்காதே. நான் எழுதித் தந்த கொப்பியில் ஒரு பிழை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, எப்படி வந்தது, அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். அதுவரைக்கும் மிதியில் கால் வைக்காதே. வாசித்ததும் இதை மடித்து உள்ளே வைத்துக்கொள். யாருக்கும் காட்டவேண்டாம்.

இவ்வளவையும் எழுதி நிமிர்ந்து பார்த்தால் வெயில் கிணற்றடிவரை வந்துவிட்டது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். பொத்துவிலுக்கு உன்னிடம் வருகிற காலை பஸ்ஸில் கொண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். உன் உம்மா நூல் சுற்றிக்கொண்டே இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். "என்ன, இன்னமும் சலாத்திலதான் நிக்கிறீங்களா?" என்றாள். "சலாம் தாண்டி மிதிக்கு வந்துட்டன்" என்றேன். "அப்ப பொத்துவில் பஸ்ஸும் காரைதீவு தாண்டியிரிக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சொன்னது மெய்தான். பஸ் போய்விட்டது. நான் இன்னும் பிழைக்கே வந்து சேரவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், மகன். மனம் பதைத்துக்கொண்டிருக்கிறது. எழுந்து வாசலுக்குப் போகிறேன், ரோட்டைப் பார்க்கிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். ஆனாலும் புதிதாக எழுதப் படித்த கை பேனையைப் பிடித்ததும் சந்தோஷப்படுகிறது. பிழையை எழுதுகிற கைக்கு என்ன சந்தோஷம் என்று அதை அதட்டினாலும் கேட்கமாட்டேன் என்கிறது. 'மிதி' என்ற சொல்லை என் வாழ்நாளில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! எழுதிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய வேலை செய்கிற கட்டைக்கு இரண்டே எழுத்து. 'வாப்பா' என்பதில் 'ப்'புக்கு மேலே புள்ளி வைக்கும்போது ஒவ்வொரு தரமும் நான்தான் என்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது போல இருக்கிறது. இந்த வயதில் இப்படிக் கூத்தா என்று, உன் ராத்தாவைக் கட்டி நம் வீட்டோடு இருக்கிற உன் மச்சான் கேட்கிறான். கேட்கட்டும்.

"ஏன் கிடந்து எழுதுறீங்க, பஸ்ஸில ஏறிப் போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்று உம்மா நேற்றே சொன்னாள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் நீ இன்னும் புது மாப்பிள்ளை. சம்பந்தி வீட்டார் வந்து முறையாக நம்மை விருந்துக்கு அழைக்கவில்லை. அழைக்காத வாசலில் நான் போய் நின்று, "என் கொப்பி பிழை" என்று சொன்னால் அது உன் தலையில்தான் விழும். உன் மாமனார் நெல் வயலும் எருமை மாடும் வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நெசவுக்கார வீட்டு மாப்பிள்ளை எடுத்ததைப் பற்றி அங்கே சிலர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கல்யாண வீட்டில் அவர் பக்கத்து ஆள் ஒருவர் அண்ணன் முறை கொண்டாடி என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன காக்கா, நூல் பிடிச்ச கையா? பூப்போல இரிக்கே" என்றது உனக்கு நினைவிருக்கும். நான் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டேன். அதனால்தான் கடிதம் போதும் என்று நினைத்தேன். கடிதம் சத்தம் போடாது.

இனிப் பிழைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிழை விளங்காது. நம் ஊர் நெசவுச் சங்கத்துக்குப் புதுத் தறிகள் லொறியில் வந்து இறங்கிய அன்று ஊரே திரண்டு நின்றது. நம்முடைய குழித்தறியில் குழிக்குள் காலை விட்டு நிலத்தோடு நிலமாக இருந்து நெய்துவந்தவர்கள் நாங்கள். இது மரச் சட்டத்தில் எழுந்து நிற்கிறது. வாங்குப் பலகையில் ஏறி உட்காரவேண்டும். உன் மச்சான் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது தறியா, பள்ளிக்கூட வாங்கா?" என்றான். தறியோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. இங்கிலீசில் எழுத்தும் படமும். எந்த மரத்தை எதில் பூட்டுவது, எந்த ஆணி எங்கே என்பதெல்லாம் அதில் இருந்தது என்று சங்கத்து எழுதுவினைஞர் வாசித்துச் சொன்னார். நாங்கள் நெய்கிற ஒரு துணியும் அதில் இல்லை. தறியைப் பூட்டினோம். பூட்டிய தறியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இதில் நம்முடைய விரிப்பை நெய்வது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

நம்முடைய துணிகளெல்லாம் உன் மூத்தாப்பாவின் கொப்பியில் இருந்தன. உன் உம்மாவின் வாப்பா அவர். நான் சாய்ந்தமருதில் தோணிக்காரன் மகனாகப் பிறந்து, இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, அவரிடம்தான் தறி படித்தேன். இடுப்பில் கட்டுகிற சாரனில் கரை போட்டது, கட்டம் போட்டது, சரிவு வரி விரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எந்த நூலை, அதைத் தூக்கி இறக்குகிற எந்த விழுதில் கோப்பது, எந்த மிதியை எதற்குப் பிறகு மிதிப்பது என்று அவர் அறபு எழுத்தில் தமிழை வைக்கிற அறபுத் தமிழில் எழுதி, பக்கத்தில் கட்டம் கீறிப் படமும் போட்டுவைத்திருந்தார். குர்ஆன் ஓதிய ஓதப்பள்ளியில் படித்த எழுத்து என்பதால் எழுத்துக் கூட்டி அதை நான் வாசிப்பேன், எழுதத்தான் தெரியாது. ஊரில் பல வீடுகளில் அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதியது இருக்கிறது. எல்லாம் குழித்தறிக்கு எழுதியது. அவர் கொப்பி முழுவதிலும் 'குழித்தறி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வேறு தறி ஒன்று வரும் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்?

உன் கல்யாணம் பேசி முடிந்த அன்றுதான் நான் முதியோர் வகுப்பில் பேர் கொடுத்தேன். நம் ஊர்களில் பெண் பிள்ளை வீட்டோடு இருப்பாள், ஆண் பிள்ளை போய்விடுவான். உன் கடிதத்தை இன்னொருவர் வாசித்து நான் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் எழுத்துப் படித்தேன், கொப்பி எழுதுவதற்கு அல்ல. பொத்துவிலில் சங்கம் தொடங்கப் போகிறார்கள், இரண்டு புதுத் தறி உனக்குத் தரப் போகிறார்கள் என்று வந்த பிறகுதான் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "வாப்பா, மூத்தாப்பாட கொப்பிய புதுத் தறிக்கும் சேத்துத் தமிழில எழுதித் தாங்க. அங்க தறி தெரிஞ்ச ஆக்களே இல்ல. நான் இல்லாத நேரம் அந்தப் பொம்புளப் புள்ளையள் கொப்பியப் பாத்துத்தான் செய்யணும்" என்றாய். வாத்தியாரைக் கொண்டு எழுதுவிப்போம் என்றேன். "அவருக்குத் தறி தெரியாதே, வாப்பா" என்றாய். அந்தச் சொல்லைக் கேட்ட நாள் எனக்கு நித்திரை இல்லை. பயத்தில் அல்ல.

நீ போகும்வரைக்கும் எழுதினேன். எதில் கவனமாக இருந்தேன் தெரியுமா? மிதியில்தான். குழித்தறியில் மிதித்தால் விழுது கீழே இறங்கும். புதுத் தறியில் மிதித்தால் விழுது மேலே ஏறும். மூத்தாப்பாவின் சொல்லை அப்படியே எழுதினால் துணியின் முகம் கீழேயும் முதுகு மேலேயும் வரும். சரிவு வரி விரிப்புக்கு முகம் சிவப்பு, முதுகு வெளிறல். மேலே வெளிறலைப் பார்த்துப் பார்த்து நெய்தால் கீழே சிவப்பில் நூல் அறுந்தது தெரியுமா? அதனால் ஒவ்வொரு மிதியையும் எந்த விழுதுகளோடு கட்டுவது என்பதை மாற்றி எழுதினேன். ஒரு மிதிக்கு நாலில் ஒரு விழுது என்று அவர் சொன்ன இடத்தில் அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கட்டு என்று எழுதினேன். சங்கத்துத் தறியில் கட்டிப் பார்த்துச் சரி என்று கண்ட பிறகுதான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் 'குழித்தறிக்கு' என்றும் 'புதுத் தறிக்கு' என்றும் பிரித்து எழுதினேன். அதில் பிழை இல்லை. அதை வைத்துக்கொண்டு தைரியமாகச் செய்.

பிழை படத்தில் இருக்கிறது. மூத்தாப்பாவின் எழுத்து வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து. படமும் அப்படித்தான். முதல் நூல் வலது ஓரத்தில், அடுத்தது அதற்கு இடப்பக்கம். சரிவு வரிக்கு அந்தப் படம் இடப்பக்கமாக ஏறுகிற படிக்கட்டுப் போல இருக்கும். நான் அதைப் பார்த்து முதல் நூல், இரண்டாம் நூல் என்று வாயால் சொல்லிச் சொல்லித் தமிழ்க் கொப்பியில் கீறினேன். தமிழ் எழுதுகிற கை அல்லவா? இடது ஓரத்தில் தொடங்கிவிட்டது. என் படிக்கட்டு வலப்பக்கமாக ஏறுகிறது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படத்துக்குக் கீழே, 'எப்போதும் போல வலது கரையிலிருந்து கோக்கத் தொடங்கு' என்று அழகாக எழுதியும் வைத்திருக்கிறேன். படம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். நீ சொல்லைக் கேட்டு வலது கரையில் தொடங்கி, படத்தின் வலது ஓரத்தைப் பார்த்துக் கோப்பாய். அது கடைசி நூல். நீளத்துக்குக் கோத்த பாவு முழுவதும் கண்ணாடியில் பார்த்தது போல மறுபக்கமாகத் திரும்பிவிடும்.

கண்டுபிடித்தது நான் அல்ல. நேற்றுப் பின்னேரம் அசருக்குப் பிறகு வகுப்பு வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தார். கல்முனை மெதடிஸ்த கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர், உனக்குத் தெரியும். 'என் மாணவர் புத்தகம் எழுதிவிட்டார்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உனக்குத் தந்ததற்கு முன் நான் எழுதிப் பழகிய கொப்பி இங்கே இருந்தது. அதையும் மூத்தாப்பாவின் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, "பாருங்க சேர், அது பழசு, இது நம்மட" என்று காட்டினேன். பெருமைதான், வேறென்ன. அவருக்கு அறபு எழுத்துத் தெரியாது. படத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன காக்கா, ரெண்டு படிக்கட்டும் சண்டை பிடிச்ச ஆக்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது?" என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு படத்தையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் போன பிறகு கொப்பியை உன் மச்சானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் பார்த்தான். "மாமா, விரிப்பில நான் நெய்ஞ்ச பாதி இந்தப் பக்கம் சாயுது. மச்சான் நெய்யப் போற பாதி அந்தப் பக்கம் சாயும். ரெண்டையும் தச்சா மீன் முள்ளுத்தான்" என்றான்.

அதுதான், மகன், என் கையும் காலும் ஓரிடத்தில் நிற்காமல் இருப்பதற்குக் காரணம். உன் மாமனார் சொன்ன பேச்சை நான் மறக்கவில்லை. "குழித்தறியில ஒரு பாதி, புதுத் தறியில ஒரு பாதி. நடுவில தச்சுக் காட்டுங்க, மாப்புள. எது எந்தத் தறி எண்டு கண்டுபிடிக்க ஏலாட்டி மத்தத் தறியளையும் உங்களுக்கு எடுத்துத் தரச் சொல்லி நானே சங்கத்தில கதைக்கிறன்" என்றார். நியாயமான பேச்சு. அகலமான விரிப்பு எப்போதும் இரண்டு பாதியைச் சேர்த்துத் தைப்பதுதானே? உன் மச்சான் தன் பாதியை நெய்து உன்னோடு அனுப்பிவிட்டான். அதன் வரிகள் இடப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. என் கொப்பிப்படி நீ நெய்தால் உன்னுடையது வலப்பக்கம் சாயும். தையல் போட்டதும் குழந்தைக்கும் தெரியும். துணியைப் புரட்டிப் போட்டால் சாய்வு சரியாகும், ஆனால் வெளிறிய முதுகு மேலே வந்துவிடும். அப்போது அந்த ஆட்கள் தறியைத்தான் குறை சொல்வார்கள். புதுத் தறியில் பழைய துணி வராது என்பார்கள். மற்றத் தறிகள் உனக்கும் கிடைக்காது, உன்னிடம் படிக்க வந்த பெண்களுக்கும் கிடைக்காது. தறியில் ஒரு குறையும் இல்லை. குறை என் படத்தில் இருக்கிறது.

நேற்றுப் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். பாவு முழுவதையும் அவிழ்க்கச் சொல்லவேண்டும், ஒவ்வொரு நூலாக உருவி மறுபடி கோக்கச் சொல்லவேண்டும் என்று புலம்பினேன். உன் உம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "கோத்ததை என்னத்துக்கு அவுக்கிற? காலை மாத்தி மிதிக்கச் சொல்லுங்களேன்" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். "ஒண்டு ரெண்டு மூண்டு நாலு எண்டு மிதிச்சா ஒரு பக்கம் சாயும். நாலு மூண்டு ரெண்டு ஒண்டு எண்டு மிதிச்சா மத்தப் பக்கம் சாயும். இது தெரியாமலா இவ்வளவு காலமும் நெய்ஞ்ச?" என்றாள். தெரியும், மகன். தறியில் உட்கார்ந்திருந்தால் என் காலே சொல்லியிருக்கும். பாயில் உட்கார்ந்து யோசித்தபடியால் தெரியவில்லை. ஆகவே உனக்கு மருந்து இதுதான்: இந்த விரிப்புக்குப் பாவை அவிழ்க்காதே. கொப்பியில் ஒன்றிலிருந்து நாலு என்று இருக்கும் மிதி வரிசையை நாலிலிருந்து ஒன்று என்று மிதி. சாய்வு உன் மச்சானின் பாதியோடு சேர்ந்துவிடும். ஆனால் மற்றத் துணிகளுக்கு இது போதாது. கரை ஒரு பக்கமாக வருகிற சாரனுக்கும் கட்டத்துக்கும் கால் மாற்றினால் சரிவராது. அவற்றுக்குப் படத்தையே திருப்பிக் கீறவேண்டும்.

நேற்றிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குத் தெரியாத இடத்தில் நான் ஒரு பிழையும் விடவில்லை. புதுத் தறியின் மிதி எனக்குத் தெரியாது, அதனால் கட்டிப் பார்த்து, நெய்து பார்த்து, கேட்டு எழுதினேன். எந்தக் கரையில் தொடங்குவது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதை நான் பார்க்கவே இல்லை. 'எப்போதும் போல' என்று எழுதினேனே, அந்த இரண்டு சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பொத்துவில் பெண்களுக்கு ஏது எப்போதும்? அவர்கள் நேற்றுத்தான் தறியைப் பார்த்தவர்கள். நீ இனி யாருக்காவது எழுதிக் கொடுக்கும்போது அந்தச் சொல்லைக் கிட்ட எடுக்காதே. எந்தத் தறி, எந்தக் கரை, எந்தக் கால் என்று எழுது. வாசிக்கிறவர் சிரித்தாலும் எழுது.

வீட்டிலும் இதையே உனக்குச் சொல்வேன். நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில் தண்ணீர் அள்ளிவிட்டுக் கிணற்று வாளியை என் உயரத்துக்கு மேலே ஒரு கொக்கியில் மாட்டிவைப்பேன். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் அப்படித்தான். நாய் வாய் வைக்காது என்பார்கள். உன் உம்மா எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். எட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். ஒரு நாள் என் சாரன் அழுக்கோடு அப்படியே கொடியில் தொங்கியது. "ஏன் தோய்க்கல்ல?" என்று கேட்டேன். "வாளி வானத்தில இரிக்கி. இறக்கித் தந்தா தோய்க்கலாம்" என்றாள். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் முதல் முதலாக வாய்விட்டுச் சிரித்தது. உன் பெண்சாதியிடம் அவர்கள் வீட்டு வழக்கத்தைக் கேள். வாளி எங்கே, விளக்கு எங்கே, உன் மாமி யாரோடு முதலில் கதைப்பார், எல்லாவற்றையும் கேள். மாப்பிள்ளை கேட்பதா என்று வெட்கப்படாதே. அவர்களும் உனக்கு ஒன்றும் சொல்லித் தரமாட்டார்கள். மறைப்பதற்காக அல்ல, அவர்களுக்கு அது எப்போதும் உள்ளது என்பதால்.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தி எழுந்து போனேன். பகல் பஸ்ஸில் வந்த கொண்டக்டர் வீட்டுக்குப் போகிற வழியில் நம் வாசல் படலையில் நின்று கூப்பிட்டார். கடிதம் முடியவில்லை, பின்னேரம் தாறேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் உன் செய்தி கொண்டுவந்திருந்தார். "உங்கட மகன் சொல்லிவிட்டார், பாவு கோத்து முடிஞ்சிதாம். நாளைக்குப் பகல் லுஹருக்குப் பிறகு மாமனாரும் சங்கத்து ஆக்களும் வருவாங்களாம். அவங்களுக்கு முன்னாலதான் முதல் முழம் நெய்யப் போறாராம்" என்றார். "கொப்பிப்படிதான் கோத்தாராமா?" என்று கேட்டேன். "பின்ன? அந்தக் கொப்பிய கக்கத்தில வெச்சிக்கிட்டுக் கடைத்தெருவெல்லாம் திரியிறார், எங்கட வாப்பா எழுதினது எண்டு. தறி படிக்க வந்த புள்ளையளும் அதப் பாத்துத் தங்கட கொப்பியில எழுதிக்கிட்டிரிக்காங்க. ரெண்டு மூணு பேர் எழுதி முடிச்சிட்டாங்களாம். நீங்க இப்ப பொத்துவில்ல பெரிய ஆள், காக்கா" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டு போனார். நான் திரும்பி வந்து இதுவரை எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். யாருக்கும் காட்டாதே, மடித்து உள்ளே வை என்று முதலில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது எடுத்துவிடு. நீ இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் காலை மாற்றி மிதித்தால் உன் விரிப்புத் தப்பிவிடும். அந்தப் பெண்களின் கொப்பி? அவர்கள் என் படிக்கட்டைப் பார்த்துக் கீறிவிட்டார்கள். நாளைக்கு ஒருத்தி தன் வீட்டில் பாவு போட்டு, கரையைப் பிழையான பக்கத்தில் கோத்து, தன் கைதான் உதவாது என்று நினைத்து அழுவாள். அவளிடம் வாப்பாவின் படம் பிழை என்று யார் சொல்வது? என் மானத்துக்காக நான் அனுப்பிய பிழை வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் நானே வருகிறேன். கொண்டக்டர் கையில் கொடுத்தால் அவர் யாரிடம் கொடுப்பார், அது உன் கைக்கு லுஹருக்கு முன் வருமா என்று இங்கே இருந்து உருள என்னால் முடியாது. உம்மாவிடம் சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த நூலை வைத்துவிட்டு எழுந்தாள். "நானும் வாறன்" என்றாள். "விருந்துக்கு அழைக்கல்லியே" என்றேன். "அழைப்பு வராட்டி என்ன, பிழை போயிரிக்கே. அதுக்குப் பின்னால போறதுக்கு யாரு அழைக்கணும்?" என்றாள். இப்போது உன் பெண்சாதிக்கு இனிப்பாகத் தொதல் கிண்டுவதற்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். அரிசி மா இடிக்கச் சொல்லி பகல் நித்திரையில் இருந்த உன் ராத்தாவையும் எழுப்பிவிட்டாள். வீடு முழுக்கச் சத்தம். நான் இந்தச் சத்தத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வந்ததும் இந்தக் கடிதத்தை உன் கையில் தருவேன். மாமனாரும் சங்கத்து ஆட்களும் இருக்கட்டும். அந்தப் பெண்களைத் தங்கள் கொப்பிகளோடு கிட்ட வந்து இருக்கச் சொல். நீ இதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரத்து வாசி. நான் வாசித்தால் மஃரிபு ஆகிவிடும். மாமனாரைப் பற்றியும் எருமையைப் பற்றியும் எழுதிய இடத்தில் உனக்கு இருமல் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிழையைச் சொல்கிற இடத்தில் மட்டும் இருமாதே. 'என் வாப்பா படத்தை மறுபக்கம் கீறிவிட்டார்' என்பதைத் தெளிவாகச் சொல். பிறகு கொப்பியை என்னிடம் தா. ஒவ்வொரு பக்கமாக நானே கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதைக் கீறுவேன். அவர்களும் என்னைப் பார்த்துத் தங்கள் கொப்பியில் வெட்டட்டும். என் கை மெதுவான கை. அவர்களுக்கு அது நல்லது. கண் தவறாமல் பின்னால் வரலாம்.

அது முடிந்த பிறகு நீ தறியில் ஏறு. நாலாவது மிதியில் தொடங்கு. யாரும் கதைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முதல் முழம் ஆனதும் உன் மச்சானின் பாதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை உன் மாமனாரிடமே விடு. நான் அந்த நேரம் துணியைப் பார்க்கமாட்டேன், மகன். கீழே குனிந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று உன் கால்களைத்தான் வாசித்துக்கொண்டிருப்பேன்.

வாப்பா